செம்பூரில் ஓர் ஒன்பதாம் வகுப்பு

எனக்குக் கோபம் மூக்கு மேலேயே இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். பள்ளிக்கூடங்களுக்குப் போன் போட்டு, "உங்க ஸ்கூல் இன்னும் இருக்கா?" என்று கேட்கும் வேலையை ஒரு வருஷம் செய்து பாருங்கள், உங்களுக்கும் வரும். பாதிப் பேர் நான் இன்ஷூரன்ஸ் விற்க வந்தவள் என்று நினைத்துப் பட்டென்று வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் "சாஹிப் நஹி ஹே" என்பார்கள். சாஹிப் எப்போது வருவார் என்றால் அது சாஹிபுக்கே தெரியாது.

வேலை இதுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் மொழியும் எந்த அளவுக்கு வருகிறது என்று பார்க்க நாடு முழுவதும் ஒரு தேர்வு வைக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்க முடியாது. கம்ப்யூட்டரில் குலுக்கிச் சில பள்ளிகளை எடுப்பார்கள். குலுக்குவதற்கு முன்னால் எல்லாப் பள்ளிகளும், ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கும் ஒரு பட்டியலில் சரியாக ஏறியிருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளோடு பெரிய தொல்லை இல்லை. தனியார் பள்ளிகள்தான் உயிரை எடுக்கும். ஒன்று மூடியிருக்கும். இன்னொன்று இடம் மாறியிருக்கும். மற்றொன்று ட்ரஸ்ட் பெயரில் ஒரு தடவை, போர்டில் எழுதிய பெயரில் ஒரு தடவை என்று இரண்டு வரியில் உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் நேரில் பார்த்துச் சரிசெய்ய ஒரு ஏஜென்சி ஒப்பந்தம் எடுத்திருந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றும் என் தலையில். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசுவேன் என்று எடுத்தார்கள். மூன்றிலும் திட்டத் தெரியும் என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

எங்கள் சூப்பர்வைசர் மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாக கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்கிற குடும்பம், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு இங்கே வந்தவர். மரியாதையானவர். மற்றவர்கள் அனுப்புகிற விவரத்தை ஒவ்வொரு வரியாகத் தோண்டித் துருவுவார். என்னுடையதைத் தொடவே மாட்டார். "உன் என்ட்ரின்னா நான் கண்ணை மூடிண்டு பாஸ் பண்ணிடுவேன்" என்பார். அதைக் கேட்டு நான் பெருமையில் பூரித்தேன், மறைக்கவில்லை.

எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். எத்தனை பிள்ளைகள் என்று ஆபீசில் கேட்க மாட்டேன். நேரே வகுப்புக்குப் போய் பெஞ்சுகளை எண்ணி மூன்றால் பெருக்குவேன். தாராவியிலும் செம்பூரிலும் ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர். அதற்குக் குறைந்து உட்காரவைக்க எந்தத் தனியார் பள்ளிக்கும் மனசு வராது. அதற்குப் பிறகுதான் ரிஜிஸ்டரைக் கேட்பேன். இரண்டும் ஒத்துப்போனால் டாப்லெட்டில் ஏற்றிவிட்டு ஒரு சாயா குடித்துவிட்டு அடுத்த பள்ளி.

செம்பூர்ப் பள்ளிக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அங்கீகாரம் பெற்ற பள்ளி. அரசுப் பட்டியலில் ஒன்பதாம் வகுப்பில் தொண்ணூற்று நான்கு பேர் என்று இருந்தது. ஏ பிரிவுக்குள் போனேன். பதினான்கு பெஞ்சு, நாற்பத்தொரு பிள்ளைகள். "பி பிரிவு எங்கே?" என்று கேட்டேன். அங்கிருந்த கிளார்க், நல்ல வழுக்கை விழுந்த மனிதர், மத்தியானம் ஷிஃப்ட் என்றார். சரி என்று மத்தியானம் வரை அங்கேயே ஒரு வடாபாவைத் தின்றுவிட்டுக் காத்திருந்து திரும்பப் போனேன். பி பிரிவு அறையில் உடைந்த பெஞ்சுகளையும் தண்ணீர் டிரம்மையும் போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

எனக்கு வந்ததே கோபம்! "ரிஜிஸ்டரைக் கொடுங்க" என்று மராத்தியில் அதட்டினேன். கிளார்க் பதறவேயில்லை. இதற்கெல்லாம் பழகிய கை. பி பிரிவின் ரிஜிஸ்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐம்பத்து மூன்று பெயர்கள். விரலை வைத்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தேன். முப்பத்தோராவது பெயரில் விரல் நின்றது.

என் மகளின் பெயர். அவள் பெயர், அவள் அப்பா பெயர், பிறந்த தேதி, எல்லாம் சரி. அன்றைய தேதிக்கு நேராக "வந்தாள்" என்று குறி போட்டிருந்தது. அன்று காலை அவளுக்கு இரட்டைச் சடை பின்னி, தாராவியில் பெல்ட் பட்டறைக்கு மேலே இருக்கிற அவள் பள்ளியின் ஏணிப்படி வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு, "ஃபிர் ஆத்தி ஹூன்", மறுபடி வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டாப்லெட்டில் அந்த வரி முடியாமல் மஞ்சளாக நின்றது.

ரயிலில் வரும்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. மகளின் பள்ளி எங்கள் பட்டியலில் இல்லை என்பதை முதல் வாரமே பார்த்திருந்தேன். ட்ரஸ்ட் பெயரில் வேறெங்காவது இருக்கும் என்று விட்டுவிட்டேன். வேறு பள்ளி என்றால் விட்டிருப்பேனா? அவளுடைய மார்க் ஷீட்டில் டெர்முக்கு டெர்ம் கையெழுத்துப் போடுகிறேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் வட்ட முத்திரை இருக்கும். ஊரில் இருக்கிற முத்திரையை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், வீட்டுக்கு வந்த முத்திரையைப் படித்ததே இல்லை. வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். செம்பூர்ப் பள்ளியின் முத்திரை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மகள் கட்டிலில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "ஏட்டி, நீ எந்த ஸ்கூல்ல படிக்கா?" என்று கேட்டேன்.

"க்யா மா, இதென்ன கேள்வி?"

"செம்பூர் ஸ்கூல் ரிஜிஸ்டர்ல ஒம்பேரு இருக்கு."

"ஹாங், பி டிவிஷன். நாங்க எல்லாரும்தான்." நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீதானே ஸ்கூல் லிஸ்ட் பாக்குற?"

சான்பாடாவில் லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்க்கிற என் கணவர் திரும்பி வந்ததும் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தொண்ணூத்தி நாலுன்னு எழுதிப் போட்டுட்டுப் போவியா, அத விட்டுட்டு" என்றார். அவருக்கு எல்லாமே எழுதிப் போட்டுவிட்டுப் போகிற விஷயம்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரிய டீச்சரைப் பார்க்கப் போனேன். அந்தப் பள்ளியை நடத்துகிறவர் அவர்தான். எல்லோரும் பெரிய டீச்சர் என்றே கூப்பிடுவோம். எங்கள் பக்கத்துக்காரர், தூத்துக்குடிப் பக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு அவரே எடுப்பார். கையில் சாக்பீஸோடு வெளியே வந்தார். நான் படியில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டேன்.

"எம்பிள்ள எங்க படிக்கா டீச்சர்? சொல்லுங்க. எங்க படிக்கா?"

"இங்கதான் படிக்கா. பேரு மட்டும் அங்க இருக்கு. சத்தம் போடாதீங்கம்மா, உள்ள பிள்ளைய இருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னா சேத்திருப்பீங்களா?" என்றார் நிதானமாக. பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தார். "எட்டு வரைக்கும் எப்படியும் ஓட்டிரலாம். ஒம்பதுலருந்து அங்கீகாரம் இருக்க ஸ்கூல்ல பேரு இருந்தாத்தான் பத்தாங்கிளாஸ் பரீச்ச எழுத விடுவாவ. அங்கீகாரத்துக்கு நானும் ஏழு வருசமா அலையுதேன். இந்தக் கட்டடத்துக்குப் பத்திரம் கொண்டான்னு கேக்காவ. தாராவியில எவங்கிட்டம்மா பத்திரம் இருக்கு? அந்த செம்பூர்க்காரன் பேரப் பதிஞ்சுக்கிடுதான், நான் பாடம் எடுக்கேன். போன வருசம் ஒருத்தி கூட ஃபெயில் இல்ல. அத யாரு எழுதுதா?"

"நாளைக்கு நான் உள்ளத எழுதினா என்ன ஆகும்?"

"அவன் அன்னைக்கே அம்பத்து மூணு பேரையும் ரிஜிஸ்டர்லருந்து அடிச்சிருவான். பிள்ளைய எந்த ஸ்கூல்லயும் இருக்காது." சாக்பீஸை மேசைமேல் வைத்தார். "நீங்க எழுதுததா இருந்தா எழுதுங்க, நான் கையப் பிடிக்க முடியாது. ஆனா ஒங்க பிள்ளைய மட்டும் வேற ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு எழுதிராதீங்க. அது மட்டும் வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த அம்மாளைத் திட்டத்தான் போனேன். திட்டவும் முடியாமல், சரி என்று சொல்லவும் முடியாமல், ஏணிப்படியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அவர் வேண்டாம் என்று சொன்னதைச் செய்தும் பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மாட்டுங்காவில் என் பட்டியலில் இருந்த ஒரு நல்ல பள்ளிக்குப் போய், நான் சரிபார்க்க வந்தவள் என்ற பழக்கத்தில், ஒன்பதாம் வகுப்பில் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். முதலில் இப்போது படிக்கிற பள்ளியிலிருந்து எல்.சி. வாங்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த விடுப்புச் சான்றிதழை யார் கொடுக்க வேண்டும்? செம்பூர்க் கிளார்க்.

அவரிடம் போய் நின்றேன். இந்தத் தடவை அம்மாவாக. பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அரே, ஆப் கீ பேட்டி?", உங்கள் பெண்ணா, என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சாயா வரவழைத்தார். அதற்கு முன் அங்கே எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. எல்.சி. தருவதில் ஒரு கஷ்டமும் இல்லை, ட்ரஸ்டி கையெழுத்துப் போட வேண்டும், ட்ரஸ்டி அந்த மஞ்சள் வரியைப் பற்றித்தான் தினமும் கேட்கிறார் என்றார். "பெஹலே வோ, ஃபிர் யே" என்று டாப்லெட்டையும் தன் மேசை டிராயரையும் மாறி மாறிக் காட்டினார். முதலில் அது, பிறகு இது. சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சாயாவை நான் குடிக்காமல் வந்திருக்க வேண்டும். குடித்தேன்.

பத்து நாள் அந்த வரி மஞ்சளாகவே நின்றது. என் மூன்று பகுதிகளிலும் மற்ற எல்லாம் பச்சை. ராத்திரி தூக்கம் போனது, பகலில் சோறு இறங்கவில்லை. நாற்பத்தொன்று என்று போட்டால் டாப்லெட் உடனே அடுத்த கேள்வி கேட்கும்: மீதி மாணவர்கள் எங்கே? அதற்குப் பதில் எழுதாமல் மேலே போக விடாது. எழுதினால் ஐம்பத்து மூன்று பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு போச்சு. தொண்ணூற்று நான்கு என்று போட்டால் ஒரு கேள்வியும் கேட்காது. அந்தக் கருவிக்குப் பொய்தான் சுலபமாக இருந்தது. தாராவியில் எதிரே வருகிற வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடைப் பிள்ளைகளைப் பார்க்கக்கூட முடியவில்லை. இவள் எத்தனையாவது பெயரோ என்று மனசு கணக்குப் போடும்.

பதினோராம் நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "என்னம்மா, அந்த ஒண்ணு மட்டும் மஞ்சளாவே நிக்கறதே? உன்கிட்ட இப்படி ஆகாதே."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. "சார், அங்கே பி பிரிவு..." என்று இழுத்தேன்.

"பி பிரிவுக்கு என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி காத்திருந்தார். சொன்னால் அவர் எழுதிவிடுவார். நேர்மையான மனிதர், எழுதாமல் இருக்கவே மாட்டார். அதுதான் எனக்குப் பயம். "மத்தியானம் ஷிஃப்ட், சார். அதான் லேட்டாச்சு" என்றேன். அவர் எதிரிலேயே டாப்லெட்டைத் திறந்து தொண்ணூற்று நான்கு என்று போட்டேன். வரி பச்சையானது. "அவ்வளவுதானே!" என்று அவர் சிரித்தார். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதோடு விட்டது சனி என்றுதான் நினைத்தேன். எல்.சி.க்கு மறுபடி போனேன். ட்ரஸ்டி வெளியூர் என்றார் கிளார்க். அடுத்த வாரம் ட்ரஸ்டி வீட்டில் கல்யாணம். அதற்குள் குலுக்கல் நடந்துவிட்டது. தேர்வான பள்ளிகளின் பெயரைச் சூப்பர்வைசர் சுவரில் ஒட்டினார். செம்பூர்ப் பள்ளி மூன்றாவதாக இருந்தது. "பெரிய ஸ்கூலுக்கு சான்ஸ் ஜாஸ்தி, அப்படித்தான் ஃபார்முலா. நாற்பது பேர்ன்னா வந்திருக்கறது கஷ்டம். தொண்ணூத்தி நாலு பாரு" என்று எல்லோருக்கும் விளக்கினார். நான் போட்ட எண்தான் அதை இழுத்து வந்திருக்கிறது. அதோடு ஒரு சுற்றறிக்கை: தேர்வான பள்ளிகளில் தேர்வு முடியும் வரை எந்த மாணவர் பெயரையும் நீக்கக் கூடாது. எல்.சி. கதை முடிந்தது. கிளார்க் அந்தச் சுற்றறிக்கையை எனக்கே வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, கீழே கைகூப்புகிற படம் போட்டிருந்தார்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து முப்பது பிள்ளைகளைக் குலுக்கி எடுத்தார்கள். அதில் பதினேழு பேர் பெரிய டீச்சரின் பிள்ளைகள். பதினேழில் ஒருத்தி என் மகள்.

தேர்வை நடத்துவதும் எங்கள் ஏஜென்சிதான். அந்தப் பள்ளிக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன். தலைவலி, கால்வலி எல்லாம் சொன்னேன். "நீ போய்ட்டு வந்த இடம், உனக்குத்தான் அத்துப்படி. வேற யாரை நம்பி அனுப்பறது?" என்றார். காரணத்தைச் சொன்னால் தப்பிக்கலாம். காரணத்தைத்தான் சொல்ல முடியாதே.

தேர்வன்று காலை மகள் செம்பூர்ப் பள்ளியின் டையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பெரிய டீச்சர் பதினேழு பேருக்கும் டை வாங்கிக் கொடுத்திருந்தார். முடிச்சு கோணலாக இருந்தது. சரிசெய்யப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். "அங்க என்னத் தெரிஞ்சமாதிரி காட்டிக்காத, என்ன?" என்றேன். "டீக் ஹே" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். நான் முன்னால் போய்விட்டேன். அவள் பெரிய டீச்சரோடும் மற்றப் பிள்ளைகளோடும் பின்னால் வந்தாள்.

ஏ பிரிவு அறையில் முப்பது பேரையும் உட்காரவைத்தேன். கணக்கு முடிந்தது, மொழி முடிந்தது. பெரிய டீச்சரின் பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். கடைசியாக மாணவர்களைப் பற்றிய கேள்வித்தாள். அதை நடத்துகிறவர் சத்தமாகப் படிக்க வேண்டும், பிள்ளைகள் குறி போட வேண்டும் என்பது விதி. படிக்க ஆரம்பித்தேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள். ஆறாவது கேள்வி: உங்கள் பள்ளி நூலகத்திலிருந்து மாதத்துக்கு எத்தனை புத்தகங்கள் எடுக்கிறீர்கள்?

ஏ பிரிவுப் பிள்ளைகள் குறி போட்டுவிட்டார்கள். மற்றப் பதினேழு பேனாக்களும் அசையவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். என் மகள் கையைத் தூக்கினாள்.

"மேடம், கௌன் சா ஸ்கூல்?"

எந்தப் பள்ளி. குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. வாசலில் நின்ற கிளார்க் என்னைப் பார்த்தார். பதினேழு பிள்ளைகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டில் எதையும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது.

"யஹீ ஸ்கூல்" என்றேன். இதே பள்ளி.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குனிந்து குறி போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். நான் ஏழாவது கேள்வியைப் படித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், "மேடம், சாவி குடுங்க" என்றாள். சிரித்தேன், அவளும் சிரிப்பாள் என்று. மறுநாளும் மேடம். ஒரு வாரம் விளையாட்டு என்று விட்டேன், அடுத்த வாரம் கத்தினேன், அதற்கடுத்த வாரம் அவள் அப்பா அடிக்கவே கை ஓங்கிவிட்டார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. சொன்ன வேலையைச் செய்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். இப்போது பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பொதுத் தேர்வுக்கு ஐம்பத்து மூன்று பேரின் பெயரும் போய், செம்பூர்ப் பள்ளியின் முத்திரையோடு ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டது. போன வாரம் எனக்குக் கடுமையான காய்ச்சல். ஸ்கூல் விட்டு வந்தவள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கண்ணெல்லாம் பயம்.

"மேடம், டாக்டர்கிட்ட போலாமா?" என்றாள்.